இருபத்து மூன்று லிட்டர் பீர்

ஜூன் 2, ஞாயிறு

இந்த நோட்டு மருந்து எழுதுவதற்கு. நர்ஸ் மார்கரெட் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனை மணிக்கு என்ன மருந்து, வயிற்றுக் குழாய் வழியாக எத்தனை மில்லி ஆகாரம், வலி பத்துக்கு எத்தனை, எல்லாம் எழுத வேண்டுமாம். எழுதி முடித்தால் முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. தாளை வீணாக்க எனக்கு மனசு வராது.

காலை 8: மார்ஃபின் 5 மில்லி, ஆகாரம் 200. மதியம் அதே. வலி நாலு என்றார். இவர் நாலு என்றால் ஆறு. முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஹாமில்டன் முழுக்கப் பனிமூட்டம். பத்து மணி வரை எதிர்வீட்டு வேலி தெரியவில்லை. வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துக் கரைத்து, வெந்நீர் டேங்க் இருக்கும் அலமாரிக்குள் வைத்தேன். அந்த அலமாரி இல்லாவிட்டால் நியூசிலாந்துக் குளிரில் எந்தத் தமிழ் வீட்டிலும் மாவு பொங்காது. இட்லி சாப்பிட நான் ஒருத்திதான். பிப்ரவரியில் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்ததிலிருந்து அவருக்கு ருசி அடியோடு போய்விட்டது. உப்பு, காரம், இனிப்பு எதுவும் கிடையாது. "வாயில பஞ்சு அடச்ச மாதிரி இருக்கு" என்பார். அவ்வளவு பாடுபட்டும் மே மாதம் நுரையீரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து.

சாயங்காலம் மகன் கபிலன் வெலிங்டனிலிருந்து பேசினான். வேலை, மழை, வாடகை வீட்டு ஒழுகல். வைக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னான். சரிப்பா என்று வைத்தேன்.

ஜூன் 4

மருந்து மேலே உள்ளபடி.

"இந்திரா, நம்ம பீர் செய்வமா?" என்று கேட்டார்.

மார்ஃபின் பேசுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பீரு. வீட்லயே. டின்னுல பாகு மாதிரி வருது. தண்ணி ஊத்தி, சீனி போட்டு, ஈஸ்ட்டத் தூவி மூடி வச்சா மூணு நாலு வாரத்துல ஆயிரும். நம்ம ஃபேக்டரி ஹேமி வருஷக்கணக்கா செய்றான். சாமான் தரேங்கிறான்."

இந்த வீட்டில் பதினாறு வருஷமாக அந்தப் பேச்சு கிடையாது. இந்த மனுஷன் குடித்த குடியும் நான் பட்ட பாடும் எனக்குத்தான் தெரியும். 2003 தீபாவளிக்கு ஆக்லாந்தில் நண்பர் வீட்டு விருந்து. குடித்துவிட்டு, நான் ஓட்டுகிறேன் என்று நான் கெஞ்சியும் கேட்காமல், காரை எடுத்தார். பள்ளத்தில் விட்டார். எனக்கும் அவருக்கும் சிராய்ப்பு. பின்சீட்டில் இருந்த கபிலனுக்கு இடது முழங்கால் நொறுங்கியது. பதினேழு வயது. அதற்குப் பிறகு அவன் கிரிக்கெட் மட்டையைத் தொடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்த பதினோரு பாட்டிலையும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஊற்றினேன். இனி ஒரு சொட்டு உள்ளே வந்தால் நான் வெளியே என்றேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"குடிக்கவா?" என்று கேட்டேன்.

"குடிக்கிற வாயா இது?"

"பின்ன எதுக்கு?"

கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 5

சொன்னார். ஜூலை பதிமூன்று அவருக்கு அறுபத்தாறு முடிகிறது. அன்றைக்குக் கபிலன் வர வேண்டும். அவனோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ்.

"அவன் ஆபீஸ் பார்ட்டில ஒரு கிளாஸ் குடிச்சிட்டு எந்திரிச்சிருவான்னு நீதான ஒருவாட்டி சொன்ன? ஒரு கிளாஸோட எந்திரிக்கிறது எப்படின்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. அவன் எந்திரிக்கிறதயாச்சும் பாக்கணும்."

கடையில் ஒரு பாட்டில் வாங்கினால் போயிற்றே என்றேன்.

"கடைல வாங்குறது நான் குடிச்சது. இது நான் செஞ்சதா இருக்கட்டும்."

அவன் வருவான் என்று யார் சொன்னது? பிப்ரவரியில் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அப்பாவும் மகனும் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். பதினெட்டு வயதில் படிக்க வெலிங்டன் போனவன், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் விருந்தாளி மாதிரி வருவான், போவான்.

நான் சம்மதம் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 7

ஹேமி சாமான் கொண்டுவந்து இறக்கினார். இவரோடு பால் பவுடர் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மாவோரி மனிதர், வாசற்படி நிறைந்த உடம்பு. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம், அடியில் குழாய். முப்பது காலி பாட்டில். மூடி அடிக்கும் கருவி. கசப்பு குறைந்த கோதுமை பீர் டின் ஒன்று. "முதல் தடவை செய்பவர்களுக்கு இதுதான் நல்லது" என்றார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கட்டைபோல நின்றேன்.

எல்லாவற்றையும் துணி துவைக்கும் அறையில் வைத்தேன். சமையலறைக்குள் விடவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலை, மதியம் மருந்து வழக்கம் போல. ஆகாரம் மூன்று வேளை. வலி ஐந்து.

காலையில் மாவு கரைத்து வைத்த கையோடு இந்த வேலை. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபேக்டரியில் அவருக்கு டேங்க், குழாய் சுத்தம் செய்யும் பிரிவு. அந்த அதிகாரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"மொதல்ல கிருமிநாசினித் தண்ணி. டிரம்மு, மூடி, கரண்டி, எல்லாம் அதுல முங்கணும். அதுக்கப்புறம் எது மேலயும் கை படக் கூடாது. கை பட்டா மொத்தமும் போச்சு."

"நாப்பது வருஷம் சமைச்சவ நான்."

"சமையல் வேற, இது வேற. சமையல்ல கடைசியா தீ இருக்கு, எல்லாத்தையும் கொன்னுரும். இதுல தீக்கு அப்புறந்தான் வேலையே."

டின்னை வெந்நீரில் வைத்து இளக்கினேன். ஊற்றினால் கருப்பட்டிப் பாகு நிறம், அதே கனம். ஒரு கிலோ சீனி. கொதிக்கும் தண்ணீர் மூன்று லிட்டர் விட்டுக் கரைத்தேன். வாசனை வீடெல்லாம் நிறைந்தது. ராகிக் களி கிண்டிய மாதிரி, நல்ல வாசனைதான், பொய் சொல்வானேன். இருபத்து மூன்று லிட்டர் கோடு வரை பச்சைத் தண்ணீர். கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டு அளவு பார்க்க வேண்டும். "நம்ம பால்மானி மாதிரிதான்" என்று அவரே குனிந்து படித்தார். 1040. சீனி எல்லாம் சாராயமானால் 1010-க்கு இறங்குமாம். இரண்டு நாள் ஒரே எண் காட்டினால் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. கட்டிலில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தேன். மிச்சத்தை நான் தனியாகச் செய்தேன். ஈஸ்ட்டைத் தூவினேன். பெரிய கரண்டியால் கலக்கி மூடினேன். ஸ்வெட்டர் நனைந்துவிட்டது, துவைக்கப் போட வேண்டும்.

அரைமணி கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கரண்டிய அந்தத் தண்ணில முக்குனியா?"

"முக்குனேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரம் மேல் தேதி எழுதி ஒட்டினார்.

கபிலன் போன். ஜூலையில் வரப் பார்க்கிறேன் என்றான். வைக்கும்போது வழக்கமானது.

ஜூன் 10

மூடியில் தண்ணீர் ஊற்றிய சின்ன வளைவுக் குழாய் இருக்கிறது. உள்ளே புளிக்க ஆரம்பித்தால் அதில் குமிழி வரும். வரவில்லை. மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்க்கிறார். எழுந்து நடக்கக் கூடாது என்று மார்கரெட் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 11

குமிழி இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்கிறார். குளிர் என்கிறேன் நான். துவைக்கும் அறையில் பதினோரு டிகிரி. மாவே பொங்காது, இது எப்படிப் பொங்கும்?

மதியம் அவர் தூங்கும்போது டிரம்மை இழுத்து இழுத்து வெந்நீர் அலமாரிக்குக் கொண்டுபோனேன். பழைய சுங்குடிச் சேலை ஒன்றைச் சுற்றினேன். மாவுப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 12

காலை ஏழு மணிக்கு "இந்திரா, இந்திரா" என்று கத்தல். அந்தத் தொண்டையில் கத்தல் என்பது காற்றுதான். விழுந்துவிட்டார் என்று ஓடினேன். அலமாரி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டிரம் "டொப், டொப்" என்றது.

நாற்காலியை அங்கேயே போடச் சொன்னார். ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி இரண்டு என்றார். இரண்டு என்றே எழுதுகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

குமிழி குறைந்திருக்கிறது. சாயங்காலம் கபிலன். ஜூலை பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம். இவரிடம் சொன்னேன். டிக்கெட் போட்டதை மட்டும் சொன்னேன்.

"அவனா சொன்னான்?"

"பின்ன நானா போட்டேன்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் அசைந்தது. நான் பார்க்காத மாதிரி ஆகாரப் பையை மாற்றினேன்.

ஜூன் 18

அளவு பார்ப்பதற்காகக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தேன். 1012. அவர் மகிழ்ச்சியாக நோட்டில் எழுதச் சொன்னார்.

எனக்கு மூக்கு இருக்கிறது. அவருக்குக் கரண்டோடு அதுவும் போயிற்று. டம்ளரில் எழுந்தது எனக்குத் தெரிந்த வாசனை. மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே மெல்லிசாக வெள்ளை ஆடை. ஃப்ரிஜ்ஜில் வைக்க மறந்த மாவில் மூன்றாம் நாள் படரும், அதுதான்.

மூடிவிட்டேன். சொல்லவில்லை.

ஜூன் 20

மார்கரெட்டோடு டாக்டரும் வந்தார். மார்ஃபின் இனி தோலுக்கடியில் ஊசி வழியாக, மிஷின் வைத்து. டாக்டர் மெதுவான குரலில், மாதங்கள் என்று இனி பேசுவதற்கில்லை, வாரங்கள் என்றார்.

"எத்தன வாரம்?" என்று இவர் கேட்டார்.

சொல்ல முடியாதாம்.

"மூணு வாரம் வேணும். பீர் செஞ்சிட்டு இருக்கோம்" என்று இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 22

நேற்றும் 1010, இன்றும் 1010. பாட்டிலில் ஊற்றும் வேலை. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சின்னக் கரண்டி சீனி, கூடினால் வெடிக்கும் என்கிறார். வெள்ளை ஆடை மேலேயே மிதந்தது, அடிக்குழாயில் வரவில்லை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி மடியில் பலகை வைத்து மூடி அடித்தார். கையில் வலு இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூச்சு வாங்கினார். நான் கருவியின் மேல் என் கையையும் வைத்து அழுத்தினேன். முப்பது பாட்டிலுக்கு மூன்று மணி நேரம்.

இனி இரண்டு வாரம் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். முப்பதும் வெந்நீர் அலமாரியில். மாவுப் பாத்திரத்துக்கு இடமில்லை. இந்த ஞாயிறு மாவு கிடையாது.

ஜூன் 27

ஜூன் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் கரண்டி என்று எழுதியிருக்கிறேன். கரண்டி இல்லை. கை.

மாவு கரைத்த கை. வெறும் தண்ணீரில் அலசியதோடு சரி. அந்த டிரம்மைப் பார்த்ததும் கை தானாக உள்ளே போனது, முழங்கைக்கு மேலே வரை. புளிக்க வேண்டிய எதையும் நான் பிறந்த திண்டுக்கல் வீட்டில் யாரும் கரண்டியால் கலக்கியதில்லை. கைச்சூடு பட்டால்தான் பொங்கும். அம்மா சொல்லி, நான் செய்து, இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

ஆனால் அதோடு முடியவில்லை. கை உள்ளே போன மறு நொடி அவர் சொன்னது நினைவு வந்துவிட்டது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். கபிலனின் முழங்கால் எக்ஸ்ரே கண் முன்னால் வந்தது. வேண்டுமென்றே இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் எடுத்தேன்.

சாகப் போகிறவர் ஒன்று கேட்டார். அதில் போய்க் கையை விட்டேன். இதை மார்கரெட் படிக்க முடியாது, தமிழ். அவரால் இனி நோட்டைத் தூக்க முடியாது. யாருக்குப் பயந்து கரண்டி என்று எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 2

மோசமான நாள். கண் திறக்கவில்லை. கபிலனை உடனே வரச் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். மதியம் கண் திறந்து "தேதி என்ன?" என்றார்.

ஜூலை 3

கொஞ்சம் பரவாயில்லை. உதடு நனைக்கப் பஞ்சுக் குச்சி கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 6

பாட்டில் ஒன்றைத் துவைக்கும் அறையில் வைத்துத் திறந்தேன். நுரை நன்றாக வந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. பல் கூசியது. பீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, புளிப்பு தெரியும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"என்னங்க, பீர் கெட்டுப்போச்சு. புளிச்சிருச்சு."

"தெரியும்."

"கரண்டி இல்ல. கைய விட்டுட்டேன்."

"அதுவும் தெரியும். ஸ்வெட்டர் கை முழங்கைக்கு மேல நனஞ்சிருந்துச்சு. கரண்டி நனஞ்ச மாதிரியே தெரியல. இருபத்திரண்டு வருஷம் நான் வேற என்ன வேல பாத்தேன்?"

கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கொட்டிருப்ப. மறுபடி ஆரம்பிக்க எனக்கு நாள் எங்க இருக்கு?" மூச்சு வாங்கினார். "தெரியாமத்தான விட்ட?"

"மொதல்ல தெரியாம. அப்புறம் தெரிஞ்சு."

கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தால் எனக்கும் நிம்மதி.

"அன்னைக்கு தொட்டில ஊத்துன. இன்னைக்கு கைய விட்ட. நான் கார எடுக்காம இருந்திருந்தா ரெண்டுக்கும் வேலயே இல்ல" என்றார். "நாலு பாட்டில ஃப்ரிஜ்ஜுல வையி. ஜில்லுன்னு இருக்கட்டும்."

அழுதேன். அவர் கை என் கை மேல் இருந்தது. அதற்கு எடையே இல்லை.

ஜூலை 12

கபிலன் வந்துவிட்டான். டாக்சியில் இருந்து இறங்கும்போது இன்னும் இடது காலை முதலில் நீட்டிவிட்டுத்தான் இறங்குகிறான். அப்பாவைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிப்ரவரியில் பார்த்த ஆளில் பாதிதான் இப்போது இருக்கிறார்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"பீர் செஞ்சிருக்கேன்" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூலை 13

பதினோரு மணிக்குப் பனி விலகி வெயில் வந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினோம். மார்கரெட் ஊசி மிஷினைச் சரிபார்த்துவிட்டு, உதட்டுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லிப் போனாள்.

கபிலன் மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம். வைக்கோல் நிறம், மேலே இரண்டு விரல் நுரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினான். ஒன்றை அப்பா கையில் வைத்து, கீழே விழாமல் தன் கையால் பிடித்துக்கொண்டான். மற்றதை ஒரு வாய் குடித்தான். முகம் சுருங்கியது. விழுங்கினான்.

பஞ்சுக் குச்சியைக் கிளாஸில் தோய்த்து அப்பாவின் உதட்டில் வைத்தான். அவர் உறிஞ்சினார். கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. வலிதான் என்று நான் எழுந்துவிட்டேன்.

"புளிக்குது" என்றார்.

"ஏங்க, நான்தான் அன்னைக்கே…"

"இந்திரா, புளிக்குதுடி. எனக்குத் தெரியுது."

ஐந்து மாதமாகத் தேனும் உப்பும் மிளகாயும் ஒன்றாக இருந்த வாய். அவருக்குக் கண்ணில் இருந்து வடிந்துகொண்டே இருந்தது. "மூணாம் நாள் மாவு" என்றார். "அச்சு அசலா மூணாம் நாள் மாவு." இன்னொரு குச்சி கேட்டார். இன்னொன்று. கபிலன் தோய்த்துத் தோய்த்து வைத்தான். குழந்தைக்கு மருந்து கொடுப்பது போல ஒவ்வொரு தடவையும் மோவாயைத் துடைத்துவிட்டான். நாலாவது குச்சிக்குப் போதும் என்று தலையை ஆட்டினார்.

பிறகு மகன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கபிலன் மெதுவாக, புளிப்போடு புளிப்பாக, அடி வரை குடித்துவிட்டுக் கிளாஸை ஜன்னல் திண்டில் வைத்தான்.

"இன்னொரு பாட்டில் இருக்கு. தொறக்குறியா?" என்றார் அவர்.

"போதும்ப்பா." எழுந்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இவ்வளவு சுளுவா" என்றார். அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல வலி இருக்கா இன்னும்?"

"குளிருக்கு மட்டும்."

"அன்னைக்கு உங்கம்மா சாவிய கேட்டா. நான் குடுக்கல. நான் குடுத்திருக்கணும்."

பதினாறு வருஷத்தில் இதை அவர் அவனிடம் சொன்னதில்லை. கபிலன் திரும்ப உட்கார்ந்தான். நெடுநேரம் அப்பாவின் போர்வையை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் உங்கள விட்டு ஒரேடியா போயிடலையேப்பா. வாரா வாரம் அம்மாகிட்ட சொல்வேனே, அப்பாவ கேட்டேன்னு சொல்லும்மான்னு. ஒரு ஞாயிறு விட்டதில்ல. சொல்லுவாங்கல்ல?"

இவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதில் பதினைந்து வருஷத்தையும் அவர் புரிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

"சொல்லுவா" என்றார். "ஒரு வாரம் விடாம சொல்லுவா."

சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த மாவுப் பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நான் ஒரு வாரம்கூடச் சொன்னதில்லை. அவன் வெலிங்டன் போன முதல் ஞாயிறு சொன்னான். கோபத்தில் நான் சொல்லவில்லை. இவருக்கு எதற்கு அந்த ஆறுதல் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே. ஒரு வருஷம் போனதும், இத்தனை நாள் சொல்லாததை இன்று எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. பிறகு அது தினப்படி வேலை மாதிரி ஆகிவிட்டது. மகன் தன்னைக் கேட்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டே இவர் குடிக்காமல் இருந்தார். கார் ஓட்டியது அவர் தப்பு. இது முழுக்க என் தப்பு.

கபிலன் கடைக்குப் போன நேரம் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க அவன்கிட்ட?"

குரல் அநேகமாகப் போய்விட்டது. காதை வாயருகில் வைக்க வேண்டியிருந்தது.

"இனி அவனுக்கு நீ மட்டுந்தான. உன்ன நம்பணும்ல."

ஜூலை 16

தூக்கம்தான். கபிலன் பக்கத்தை விட்டு நகரவில்லை. எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 19

காலை 6.40. கபிலன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருந்தோம்.

ஜூலை 28, ஞாயிறு

கபிலன் வியாழக்கிழமை போனான். பெட்டியில் துண்டில் சுற்றி இரண்டு பாட்டில் எடுத்துப்போயிருக்கிறான். டிரம்மையும் கருவியையும் நேற்று ஹேமி வாங்கிக்கொண்டு போனார். கிருமிநாசினியில் கழுவித்தான் கொடுத்தேன். வராந்தாவில் நின்று ஒரு பாட்டில் குடித்தார். இப்படிப் புளித்த பீரை ஊரில் தனியாகத் தேடிப்போய்க் குடிக்கிறவர்கள் உண்டு, உன் கணவர் முதல் தடவையிலேயே அதைப் பிடித்துவிட்டார் என்றார். அவர் இல்லை, நான் என்றேன். இந்த முறை அவர் கட்டிப்பிடித்தபோது நானும் பிடித்துக்கொண்டேன்.

ஊசி மிஷினையும் கட்டிலையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். கார்ப்பெட்டில் கட்டில் கால் பதிந்த நாலு பள்ளம் இருக்கிறது. நோட்டை மார்கரெட் கேட்கவில்லை.

அலமாரியில் இடம் வந்துவிட்டது. காலையில் மாவு கரைத்து வைத்தேன்.

சாயங்காலம் கபிலன் பேசினான். ஆபீஸ், மழை, சாப்பிட்டியாம்மா. வைக்கும் நேரம் வந்தது.

"சரிம்மா. அப்பாவ கேட்டேன்னு…" என்றான். அதோடு நின்றுவிட்டான்.

அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்றேன்ப்பா" என்றேன்.

போனை வைத்தேன். அறைக்குள் போய் அந்த நாலு பள்ளத்துக்கு நடுவில் நின்றேன்.

"என்னங்க, கபிலன் உங்களக் கேட்டான்" என்று சத்தமாகவே சொன்னேன்.